வலிக்காத கை

உங்கள் கட்டைவிரலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கதோஷம். ஓரம் கறுத்துவிட்டது. நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருக்கிறது. உள்ளே தோல் வெளிறி ஊறிப்போயிருக்கும். கத்தியா, கதவா? சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், கண்ணு.

அதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு யாராவது ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். காலையிலிருந்து வெறும் வயிறு. நான் கொடுத்தால் வாங்க மாட்டாள்.

அவள் கொடுத்த புகாரில் தப்பு ஒன்றும் இருக்காது. படித்த பெண், கோர்வையாகச் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் வாரக்கடைசியில் வந்து பார்த்துவிட்டுப் போனவள். கூடவே இருந்தவள் நான். அதனால் என் வாயாலும் கேட்டுவிடுங்கள்.

நான் நர்ஸ் இல்லை. பாட்டில் தொழிற்சாலையில் முதலுதவி அறையைப் பார்த்துக்கொண்டவள். சேர்ந்தது பாட்டில் துடைக்கத்தான். ஒருநாள் பக்கத்தில் நின்றவளுக்கு மணிக்கட்டில் கண்ணாடி இறங்கிவிட்டது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். நான் துடைக்கிற துணிகளில் புதிதாக ஒன்றை மடித்து அழுத்திப் பிடித்து, அவள் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, எது யார் ஜாடை என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். அடிபட்டவரைப் பேச வைக்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு வலி பாதிதான் தெரியும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகத் தெரிந்தது. மேனேஜர் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் அந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு குழாய், மூடி போட்ட வெள்ளைத் தட்டு, ஜன்னலுக்கு வெளியே உடைந்த பாட்டில் மலை. வெயில் அடித்தால் சுவரெல்லாம் பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் ஆடும். அங்கே என் பெயர் பிளாஸ்திரி அக்கா. உலைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் சுட்ட இடத்தில் டூத்பேஸ்ட் அப்பிக்கொண்டு வருவார்கள்.

"இது பல்லுக்குப் போடறது. உனக்குக் கையில பல்லு முளைச்சிருக்கா?" என்பேன்.

"எரியுது அக்கா, ஏதாவது பண்ணு."

"குழாயத் திறந்து கையக் காட்டிட்டு நில்லு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நகரக்கூடாது. பொழுது போகலன்னா பாட்டுப் பாடு."

பாடுவார்கள். சிரிப்பும் அழுகையுமாகப் பாடுவார்கள். மூக்கில் ரத்தம் என்றால் அண்ணாந்து பார்க்கக்கூடாது, முன்னால் குனிய வேண்டும். ஆழமாகக் குத்திய கண்ணாடியைப் பிடுங்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, காய்ந்த கட்டை அப்படியே இழுக்கக்கூடாது. புண் ஆறும்போது புதுச் சதை அந்தத் துணியின் கண்களுக்குள்ளேயே வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் தேடிவைத்த புதுச் சதை அத்தனையும் துணியோடு போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பொறுமையாக ஊறவைப்பேன். அதனால்தான் என் கை பட்டால் வலிக்காது என்று ஒரு பேச்சு அங்கே உண்டு. நானாகச் சொல்லிக்கொண்டதில்லை, அவர்கள் சொன்னது.

வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டுகிற வேலை. தூரதேச ஓட்டம். கல்யாணமான நாளிலிருந்தே வருவார், குளிப்பார், தூங்குவார், எழுந்து போவார். கெட்ட மனிதர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஆனால் என்னிடம் பேசியதைவிட டயரிடம் பேசியது அதிகம். காற்று இருக்கிறதா என்று டயரைத் தட்டிப் பார்ப்பார் பாருங்கள், அப்படி ஒரு அக்கறையோடு என் தோளைத் தட்டியிருந்தால் அதுவே போதுமென்று இருந்திருக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, "அப்பா வந்திருக்காரா?" என்று கேட்க மாட்டாள். "டீசல் வாசனை வருதே" என்பாள்.

மகள் கல்யாணமாகிப் போனாள். எனக்கும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, வீட்டில் என்னைத் தேடி ஒருவர்கூட ஒரு சிராய்ப்போடு வரவில்லை. அவருக்கும் ஓய்வெடுக்கிற வயதுதான். "வண்டி நின்னா நானும் நின்னுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு தடவை நெடுந்தூரம் போய்விட்டு வந்து, "ஷூவுல ஏதோ பிசுபிசுன்னு இருக்கு" என்றார். ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு நட்டு. வண்டியின் நட்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் கிளட்சு மிதித்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே பாதத்தில் அரைநெல்லிக்காய் அளவுக்குக் குழி.

டாக்டர் பார்த்தார். பெரியவர், நிதானமானவர். "சர்க்கரையால பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. தினமும் கட்டு மாத்தணும். சலைன் விட்டு நல்லா நனைச்சுப் பிரிக்கணும். காலை ஊனவே கூடாது. ஆறிடும்" என்றார்.

நான் செய்யாத வேலையா. ஜன்னலோரம் இரும்புக் கட்டிலை இழுத்துப் போட்டேன். காலுக்கு இரண்டு தலையணை. கத்தரியைக் கொதிக்க வைத்து எடுத்தேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டேன். தினம் காலையில் டீ குடித்ததும் கட்டு மாற்றுவது வழக்கமாகிவிட்டது.

அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, ஃபீஸ் எவ்வளவு?" என்று வம்புக்கு இழுப்பார். "முதல்ல பேஷண்ட் வாய மூடணும்" என்பேன். மத்தியானம் நான் துணி மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவரும் இரண்டு முனையை நானும் பிடித்துக்கொண்டு மடித்திருக்கிறோம். நீங்கள் சின்னவர், இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். எனக்கு அது விஷயம்.

புண் ஒழுங்காக ஆறிக்கொண்டு வந்தது. ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் உள்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவருடைய கூட்டாளி டிரைவர் பார்க்க வந்தார்.

"அண்ணி, அண்ணனை எப்ப விடப்போறீங்க?"

"புண்ணு விட்டா நான் விடறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் கைக்கண்ணாடியை வாங்கி உள்ளங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வந்துடறேன். வேற யாருக்கும் வண்டியக் குடுத்துடாதீங்க." அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தேன். வெளிச்சுற்று வந்துவிட்டது. உள்ளே வலை மாதிரி இருக்கிற காஸ் துணி மட்டும் புண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சலைன் பாட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கை தவறிவிட்டது, மறந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். யோசித்தேன். கொஞ்ச நேரம் துணியின் முனையைப் பிடித்தபடியே யோசித்தேன். பிறகு நனைக்காமல் எடுத்தேன்.

சத்தம் அதிகம் இல்லை. சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் வருமே, அந்த மாதிரி. ரோஸ் நிறம் போய் சிவப்புப் புள்ளிகள் எழும்பின. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவை என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தார். "ஒரு பாலத்து மேல போறேன், பாதிப் பாலத்துல வண்டி நின்னுபோச்சு..."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவர் எனக்கு ஒரு கதை சொன்னதில்லை. கட்டைக் கட்டி முடித்தும் நான் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. "பழையபடி திறந்துக்கிச்சே" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். "சர்க்கரைப் புண்ணு அப்படித்தான்" என்றேன். நான் சொன்னால் நம்புவார். இந்த விஷயத்தில் என்னை நம்பாதவர்கள் யார்.

அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. புண் மூட ஆரம்பிக்கும்வரை நனைத்துத்தான் எடுப்பேன், மூட ஆரம்பித்தால் மட்டும் நனைக்காமல் எடுப்பேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் நனைத்து எடுக்கிற காலைகளில் அவர் பேசுவதில்லை என்று கண்டுகொண்டேன். சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நனைக்காமல் எடுக்கிற நாளில்தான் கதை வந்தது. அதனால் தினமும் நனைக்காமலே எடுத்தேன்.

எத்தனை கதைகள் தெரியுமா கண்ணு. மலைப்பாதையில் பனி இறங்கி ஒன்றுமே தெரியாமல், கிளீனர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க அவர் பின்னால் உருட்டிக்கொண்டு போன கதை. எங்கிருந்தோ ஏறிக்கொண்ட ஒரு நாய், இறங்கவே மாட்டேனென்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஹார்ன் அடித்தால் கூடவே குரைத்த கதை. "உன்னை மாதிரியே முறைக்கும்" என்றார். ஒருநாள் துணி நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க நேரமாயிற்று. அன்றைக்குத்தான் அவர் அதைச் சொன்னார். ஆளில்லாத ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது நான் கூப்பிட்ட மாதிரி இருந்ததாம். பிரேக் போட்டு இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். "யாருமில்ல. நீ எங்க அங்க வரப்போற. ஆனா உன் குரல்தான்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் அழுதுவிட்டேன். கையில் அந்தத் துணி இருந்தது.

அதற்காக மற்றதில் குறை வைக்கவில்லை. வேளைக்கு மாத்திரை கொடுத்தேன். சாப்பாட்டை அளந்து வைத்தேன். குளிக்கும்போது கால் நனையாமல் பாலிதீன் சுற்றிவிட்டேன். டாக்டரே கேட்டார், "கட்டு இவ்வளவு நேர்த்தியா இருக்கு, புண்ணு மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்குது?" என்று. சர்க்கரை என்றார், ரத்த ஓட்டம் என்றார், மாத்திரையை மாற்றினார். நான் தலையாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சலைன் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் வாங்கினேன். கொட்டிவிட மனம் வரவில்லை, நல்ல மருந்தைக் கொட்டுவது பாவம். கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தேன்.

அவருக்கு வலிக்காது, கண்ணு. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நட்டின்மேல் காலை வைத்து ஊர் ஊராக ஓட்டியவர். கால் மரத்துப்போனவர். வலிக்கிற மனிதருக்கு நான் அப்படிச் செய்வேனா?

கட்டிலின் இரும்புக் கம்பியைக் கையால் பிடித்துக்கொள்வார். பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. ஸ்டியரிங் பிடித்த கை, சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு காலை மட்டும், "இன்னைக்குக் கட்டு வேண்டாமே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

"டாக்டரம்மாகிட்டயே லீவு கேக்கறீங்களா?" என்றேன்.

சிரித்தார். காலை நீட்டினார்.

பிறகு ஒருநாள் கட்டைப் பிரித்ததும் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் அந்த வாசனை வந்தால் வேறு எதையும் பார்க்காமல் வண்டியைக் கூப்பிடுவேன். விரலுக்கு நடுவில் தோல் சாம்பல் நிறமாகியிருந்தது. நான் கட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். மகள் ஞாயிற்றுக்கிழமை வருவாள், அவள் வந்ததும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டு அவர்கள் கைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில காலைகள் பாக்கி இருந்தன. காய்ச்சலில் அவர் கதையை முன்னும் பின்னுமாகச் சொன்னார். நாய் பாலத்தில் நின்றது. கிளீனருக்குப் பதில் நானே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மகள் வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னம்மா இது, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆனாலும் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. அவர் போய்விட்டார்.

நான் அழவில்லை. வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். காரியமெல்லாம் முடிந்து டீ போடும்போது கையில் ஒரு கொப்புளம் இருந்ததைப் பார்த்தேன். எப்போது சுட்டது என்றே தெரியவில்லை. குழாயைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். போதும் என்று சொல்ல யாருமில்லை, அதனால் வெகுநேரம் நின்றேன்.

கட்டிலை நகர்த்தும்போது மகள்தான் பாட்டில்களைப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட பிரிக்கவே இல்லையேம்மா."

அவள் கீழே வைத்ததை எடுத்து மறுபடி வரிசையில் வைத்தேன்.

"அப்ப எதுலம்மா நனைச்சே?"

"நனைக்கல" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் காலை எடுப்பதற்கு முன்னால், நான் துண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த இளம் டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாராம். பெருவிரல் ஓரம் மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லையாம். மற்ற இடமெல்லாம், புண்ணைச் சுற்றியும், தெரிகிறது, தெரிகிறது என்று சொன்னாராம். டாக்டர் போனபிறகு மகளைக் கிட்டே கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத. அவ கை பட்டா வலிக்காதுன்னு நெனச்சிட்டிருக்கா, மனசு விட்டுடுவா. கட்டுப் பிரிக்கறப்ப உசுரே போகும். அதான் ஏதாச்சும் பேசிட்டே இருப்பேன்" என்றாராம்.

நான் அதை நம்பவில்லை. மகள் துக்கத்தில் இருக்கிறாள், துக்கத்தில் ஆயிரம் சொல்வார்கள். டீ கொஞ்சம் சூடாக இருந்தால் வீடே அதிரக் கத்துகிற மனிதர் அவர். வலித்திருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாரா? அப்படியானால் அந்தக் கதைகள் எதற்கு? ஆளில்லாத ரோட்டில் பிரேக் போட்டு இறங்கினாரே, அது எதற்கு? அவர் எனக்காகச் சொன்னது அதெல்லாம். என்னோடு பேச ஆசைப்பட்டுச் சொன்னது.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள், கண்ணு. புண் ஆறிக்கொண்டிருந்தது, நான்தான் ஆறவிடவில்லை. தெரிந்துதான் செய்தேன். தினமும் செய்தேன். வாசனை வந்தபிறகும் செய்தேன். அவர் கால் போனதும் உயிர் போனதும் என்னால்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவருக்கு வலித்தது என்று மட்டும் அதில் எழுதாதீர்கள்.

முடிந்தது. பேனாவைக் கீழே வையுங்கள். அந்தப் பிளாஸ்திரி இப்படியே இருந்தால் நாளைக்குச் சீழ் வைத்துவிடும். அந்தத் தம்ளரை எதற்கு எடுக்கிறீர்கள், அது குடிக்க வைத்த தண்ணீர், இருக்கட்டும். விரலை மட்டும் கொடு. ஒரு நொடி வேலை, வலிக்கவே வலிக்காது.

நீ ஏதாவது பேசிக்கொண்டே இரு, கண்ணு.